வெள்ளச்சி அருவி விருந்துக்குப் போன கதை

மழை தப்பாமப் பெஞ்ச வருஷத்துலதான் இது நடந்தது, அதனால வானத்து மேல பழியைப் போட வழியில்லை. மேற்கு மலையில மேகம் இறங்கி, சாம்பப்பாறை ஊருக்குள்ள சாரல் அடிச்சு, கடைக்காரங்க தார்ப்பாயைக் கட்டி, மிளகாய் பஜ்ஜிக்கு மாவு கரைச்சு, துண்டும் சோப்பும் வாசல்ல தொங்கவிட்டு, சீசன் தொடங்கின ஒம்பதாம் நாள் காலையில எங்க வெள்ளச்சி அருவி ஊரை விட்டுப் போயிட்டா. வத்திப் போகலை, கிளம்பிப் போயிட்டா. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவங்ககிட்ட நான் வாயைக் குடுக்கிறதில்லை.

என் பேரு முப்பிடாதி. அருவிக்குப் போற படிக்கட்டுல, மூணாவது வளைவுல, இருபத்தாறு வருஷமா எண்ணெய் தேய்ச்சு விடுறேன். மூஞ்சியைப் பார்த்து ஆளை எடை போடுறவன் ஏமாந்துதான் போவான். முதுகு அப்படி இல்லை, அதுக்குப் பொய் சொல்ல வராது. வெள்ளச்சி போறதுக்கு முந்தின நாள் மத்தியானம் என் பலகையில வந்து குப்புறப் படுத்தது கரூர் நாச்சிமுத்தோட முதுகு. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல கொட்டைப்பாக்கு கணக்கா ஒரு முடிச்சு, நான் என்ன அமுக்கியும் அது அசைஞ்சு குடுக்கலை.

அவர் வந்த வண்டியைப் பார்க்க அன்னைக்கு ஊரே கூடிடுச்சு. கேரவன் வந்திருக்கு, உள்ள யாரோ நடிகைன்னு ஒருத்தன் கிளப்பிவிட, பாதி பஜ்ஜியைச் சட்டியில விட்டுட்டு ஓடிவந்து பார்த்தா, கதவைத் திறந்துக்கிட்டு இறங்கினது அறுபது வயசுல பூவாத்தான்னு ஒரு அம்மா, கையில மஞ்சப் பை. நாச்சிமுத்து கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டுற பட்டறையில முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்த மனுஷன். ஊர் ஊராப் போறவங்களுக்கெல்லாம் வண்டி கட்டிக் குடுத்துட்டு, தான் மட்டும் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடந்தே தேய்ஞ்சவர், வேலையை விட்டதும் ஒரு பழைய வேனை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணித் தொட்டி, படுத்துக்கிட்டே மலையைப் பார்க்க ஒரு ஜன்னல்னு எல்லாத்தையும் தன் கையாலயே கட்டிட்டார். டாப்சிலிப், வால்பாறை, மேகமலை எல்லாம் பார்த்தாச்சு, இப்ப எங்க அருவி, அடுத்து முண்டந்துறைப் புலிக்காடு, கூந்தன்குளத்துப் பறவைங்க, கடைசியில கோடிக்கரை மான்காடு, அதுக்கு மேல கடல்னு போற வழியெல்லாம் ஒரு தாள்ல படமா வரைஞ்சு ஸ்டீயரிங் பக்கத்துல ஒட்டி வெச்சிருந்தார்.

பெண்டாட்டிக்கு அவர் போட்ட நிபந்தனை ஒண்ணே ஒண்ணு, வழியில யாரையும் வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது. ஏன்னா கரூர்ல அவங்க வீடு வீடா இல்லை, சத்திரமா இருந்திருக்கு. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல உக்காந்தவங்க, கோயில்ல செருப்புப் பார்த்துக்கிட்டவங்க, தப்பான நம்பருக்குப் போன் போட்டவங்கன்னு பூவாத்தாம்மா எல்லாரையும் ஒருக்கா நம்மூட்டுக்கு வாங்கன்னு கூப்பிடுவாங்க, கூப்பிட்டவங்களும் வெக்கமில்லாம வந்துடுவாங்க. கண் ஆபரேஷனுக்கு வந்த யாரோ ஒருத்தரோட சித்தப்பா மூணு மாசம் இருந்து தின்னுட்டு, போகும்போது கட்டிலுக்குப் புதுக்கயிறு போட்டுட்டுப் போனாராம். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல நாங்க ரெண்டு பேரு மட்டும் உக்காந்து சோறு தின்ன நாளை விரல் விட்டு எண்ணிடலாமுங்கன்னு நாச்சிமுத்து பலகையில கவுந்தபடி சொன்னப்போ, அந்த முடிச்சு இன்னொரு சுத்து இறுகினது என் கட்டைவிரலுக்குத் தெரிஞ்சது.

அன்னைக்குச் சாயங்காலம் பூவாத்தாம்மா ஆசை தீரக் குளிச்சு, தலையைத் துவட்டி, படியேறப் போனவங்க நின்னு திரும்பி அருவியைப் பார்த்துக் கும்பிட்டாங்க. "பெத்தவ மாதிரி குளிப்பாட்டி விட்டீங்க. ஒருக்கா நம்மூட்டுக்கு வரோணுமுங்க. ஊடு எங்கன்னு தேட வேண்டாம், எங்க வண்டி எங்க நிக்குதோ அதுதானுங்க ஊடு" அப்படின்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன், கேட்டேன், சிரிச்சேன். அந்தக் கரூர்ப் பக்கத்து ஆளுங்களுக்கு மரியாதை எச்சில் மாதிரி வாயிலயே ஊறுறது, நம்மளாட்டம் ஆளுங்க சரி சரின்னு தலையை ஆட்டிட்டு அடுத்த நிமிஷம் மறந்துடுவோம். ஆனா வெள்ளச்சியை அதுவரைக்கும் யாரும் எங்கயும் கூப்பிட்டதே இல்லை, கேட்டியளா. வந்தாங்க, குளிச்சாங்க, ஷாம்பு பாக்கெட்டை அவ காலடியில போட்டுட்டுப் போனாங்க. முதல் தடவையா ஒருத்தி வீட்டுக்கு வான்னு சொல்லவும் அவ நம்பிட்டா.

மறுநாள் காலையில வண்டி கிளம்புச்சு, இருபதடி பின்னால வெள்ளச்சியும் கிளம்பினா. பாறை இல்லாம, மலை இல்லாம, ரெண்டு பனை உயரத்துல இருந்து ரோட்டு மேல அப்படியே விழுந்துக்கிட்டே போனா, விழுந்த தண்ணியை மண்ணு குடிச்சுக்கிட்டே வந்தது. கரண்டு கம்பி வந்த இடத்துல குனிஞ்சா. வண்டி பிரேக் போட்டா நின்னா. டீக்கடையில இருந்தவங்க, அருவி போகுது பாரு, இவ்வளவு காலையில எங்கயோ கிளம்பிட்டான்னு சொல்லிக்கிட்டு டீயைக் குடிச்சாங்க.

ஊருக்கு விஷயம் உறைக்க மத்தியானம் ஆச்சு. வெறும் பாறை முன்னால நின்னு ஆளாளுக்குத் தன் தப்பை ஒப்பிச்சாங்க. அவ முன்னால வெச்சு மகளை அறைஞ்சேன், அதான் போயிட்டான்னு ஒருத்தி அழுதா. போன சீசன்ல கரையில குப்பையை எரிச்சேன், புகை பட்டுடுச்சுன்னான் ஒருத்தன். பூவாத்தாம்மா கூப்பிட்டதை நான் சொன்ன பிறகுதான் அழுகை கோவமா மாறுச்சு, விருந்துக்குப் போறவ ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதான்னு. அப்புறம் அதுவும் ஆறி, ஊர்ல உள்ளவங்க வழக்கப்படி ஒரு போர்டு எழுதி மாட்டினாங்க: அருவி வெளியூர் போயிருக்கிறது, வந்ததும் குளிக்கலாம். பஸ்ஸுல வந்தவங்க போர்டைப் படிச்சிட்டு, இவ்வளவு தூரம் வந்தாச்சேன்னு எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு, வரிசையில நின்னு, காய்ஞ்ச பாறைக்கு அடியில தலையைக் காட்டிட்டு, என்ன குளிருன்னு சொல்லிக்கிட்டே பஜ்ஜி தின்னுட்டுப் போனாங்க. மனுஷன் எதையும் பழகிக்குவான். ஆனா பத்து நாளைக்கு மேல அந்தக் குளிரும் யாருக்கும் அடிக்கலை, பஸ்ஸும் காலியா வந்தது.

சீசன்னு எங்களுக்கு இருக்கிறது நாற்பத்தஞ்சு நாள், அந்த நாற்பத்தஞ்சு நாள்ல அடுப்பு எரிஞ்சாத்தான் மிச்ச வருஷமும் எரியும். அவ திரும்பி வரலைன்னா ஊர்ல பாதிப் பேரு பெட்டியைக் கட்டிக்கிட்டுத் திருப்பூர் போக வேண்டியதுதான், நான் உள்பட. அதனால அவளைக் கூட்டிட்டு வர ரெண்டு பேரை அனுப்பினாங்க. கூப்பிட்டதைக் கேட்டவன்கிறதால நான், யாரையும் பேசியே கிளப்பிடுவாங்கங்கிறதால பஜ்ஜிக்கடை லூர்தம்மா அக்கா.

வழி கேக்க வேண்டிய அவசியமே இல்லை, ரோட்டோரம் ஒரு முழ அகலத்துக்குப் புதுப்புல்லு முளைச்சிருந்தது, அதைப் பிடிச்சே போனோம். முண்டந்துறையில புலிக்காட்டு வாசல்ல ராவெல்லாம் சத்தம் போடாம விழுந்தான்னாங்க, மிருகங்க தூங்கணும்ல. கூந்தன்குளத்துல நாரைங்க முதல்ல முறைச்சிக்கிட்டுப் பிறகு குஞ்சுங்களைக் கூட்டிட்டு வந்து நனைச்சிக்கிட்டுப் போச்சாம். ஒரு டோல்கேட்ல இவளை எந்த வண்டிக் கணக்குல சேர்க்கிறதுன்னு அரைமணி நேரம் பேசி, சக்கரம் இல்லைன்னு முடிவு பண்ணி விட்டிருக்காங்க. தூத்துக்குடி தாண்டி உப்பளத்துப் பொம்பளைங்க வரிசையா நின்னு கும்பிட்டு, தாயி, நீ இந்தப் பக்கம் வந்தா உப்பெல்லாம் கரைஞ்சிடும்னு சொல்லவும், சேலையைத் தூக்கிச் செருகின மாதிரி தன்னைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மேல்கரை வழியாச் சுத்திப் போயிருக்கா. அதைக் கேட்டு லூர்தம்மா அக்கா, நம்ம ஊர்ப் புள்ளைன்னா சும்மாவான்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

ராமநாதபுரம் சீமையில வண்டி பழுதாகி நாலு நாள் நின்ன இடத்துல, பிளாஸ்டிக் குடத்தை வரிசை போட்டு வெச்சு, முதல் நாள் குலவை போட்டுக் கும்பிட்டு, ரெண்டாம் நாள் குடம் இடிச்சதுக்குச் சண்டை போட்டு, மூணாம் நாள் வர வர தண்ணி கொஞ்சம் ஜில்லுன்னு இல்லையேன்னு குறை சொன்னாங்களாம். நாலாம் நாள் ஒரு அம்மா நேரா அவகிட்டயே போயி, வாரத்துல செவ்வாய் வெள்ளி மட்டும் வந்தாப் போதும், தோது எப்படின்னு கேட்டிருக்காங்க. நாங்க போனப்போ அந்த ஊர்ல முள்ளுக்காட்டுக்கு நடுவுல கீரை முளைச்சிருந்தது. எங்களுக்கு ஒரு கட்டு பறிச்சுக் குடுத்துவிட்டாங்க.

கோடிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தப்போ சீசன் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. காட்டைத் தாண்டி, லைட் ஹவுஸைத் தாண்டி, ரோடு முடிஞ்சு மணல் தொடங்குற இடத்துல வண்டி நின்னது. இருபதடி பின்னால, கடலைப் பார்த்தபடி, எங்க வெள்ளச்சி விழுந்துக்கிட்டு இருந்தா. வெளிமானுங்க வந்து குடிச்சிட்டுப் போச்சு, மீன்காரங்க வலையில இருந்த உப்பை அலசினாங்க, பறவை எத்தனை வந்திருக்குன்னு நோட்டுல எழுதுற காட்டிலாகாக்காரர் எழுத வேற இடமில்லாம அதுக்குக் கீழயே அருவி ஒன்றுன்னு எழுதி வெச்சிருந்தார். நான் கிட்டப் போயி அவளை ஏற இறங்கப் பார்த்தேன். இளைச்சுத்தான் போயிருந்தா.

லூர்தம்மா அக்கா இடுப்புல கையை வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சாங்க, உனக்கு ஊர் இல்லையா, உறவு இல்லையா, நீ பாட்டுக்குக் கடற்கரையில வந்து நின்னா எங்க அடுப்பை யாரு எரிக்கிறதுன்னு. ஏசி முடிச்சுக் கெஞ்சினாங்க, கெஞ்சி முடிச்சு அழுதாங்க. வெள்ளச்சி லேசாச் சாஞ்சு அக்கா மூஞ்சியை நனைச்சுவிட்டா, அம்புட்டுத்தான், இடத்தை விட்டு நகரலை.

பூவாத்தாம்மா எங்களை உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, அப்புறம் விஷயத்தைச் சொன்னாங்க. "அவங்க மேல தப்பில்லீங்க. நான் கூப்பிட்டேன், வந்துட்டாங்க. ஆனா ஊட்டுக்காரரு இன்னும் வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலை. வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்கிற ஊட்டுல, சாப்பிடவும் இல்லாம, போயிட்டு வாரேன்னு எப்படிங்க சொல்லிட்டுக் கெளம்புவாங்க? கோவிச்சுட்டுப் போகலாம். கோவிச்சுட்டுப் போனா உங்க ஊருக்கே திரும்ப மாட்டாங்க, எங்கயாச்சும் போயிருவாங்க. அதுக்குப் பயந்துதான் தெனமும் போயி இன்னொரு நாள் பொறுத்துக்கங்கன்னு கும்பிட்டுட்டு வாரேன்."

அந்தம்மா சொல்றது நியாயம். எங்க சித்தி மகன் கல்யாணத்துல வாங்கன்னு கேக்கலைங்கிற ஒரே காரணத்துக்காக எங்க மாமா பந்தியில இருந்து எந்திரிச்சுப் போனவர், பத்தொம்பது வருஷமா அந்தத் தெருவுல கால் வைக்கலை. அருவியோட கோவம் எத்தனை வருஷம் இருக்கும்னு யாரு கண்டா.

நாச்சிமுத்து டிரைவர் சீட்டுல கடலைப் பார்த்து உக்காந்திருந்தார். இருபத்தஞ்சு நாளா அருவிகிட்டயும் பேசலை, பெண்டாட்டிகிட்டயும் பேசலை, சாப்பாட்டுத் தட்டை வாங்குறதோட சரி. நாளைக்கு வண்டியைத் திருப்பி நேரா கரூர் போயி வித்துடப் போறேன்னு எங்ககிட்ட சொன்னார். நான் கூப்பிடலை, கூப்பிட்டவளே வாங்கன்னு கேக்கட்டும்னார். ஆம்பளை வாங்கன்னு கேட்டாத்தான் கேட்டதாகும்னு அவருக்குத் தெரியாதா என்ன, தெரிஞ்சேதான் சொல்றார். இப்படிப்பட்ட ஆளை வாயால ஜெயிக்க முடியாது. படுங்க அண்ணாச்சி, வந்ததுக்கு ஒரு தடவை தேய்ச்சு விடுறேன்னு சொல்லி மணல்ல ஒரு சாக்கை விரிச்சேன்.

அரைமணி நேரம் எண்ணெயை ஊத்தித் தேய்ச்சேன். முடிச்சு இப்போ எலுமிச்சங்காய் அளவுக்கு ஆகியிருந்தது. அது மேல ரெண்டு கட்டைவிரலையும் ஊணினப்போ, சாக்குல மூஞ்சியைப் புதைச்சபடி அந்த அருவி எத்தனை அடி தள்ளி நிக்குதுன்னு கேட்டார். இருபதடின்னேன்.

"அவளும் அம்புட்டுத் தூரத்துலதானுங்க நின்னா," ன்னார். "கல்யாணத்தன்னிக்கு. தாலி கட்டியாச்சு, வண்டி எங்கூட்டு வாசல்ல வந்து நின்னாச்சு, அப்பத்தான் சேதி வருது, எங்க தாய்மாமன் போயிட்டாருன்னு. ஆரத்தி கரைச்சு வெச்சவங்க தட்டை அப்படியே உள்ள எடுத்துட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் அழுதுட்டே உள்ள ஓடினோம், நானுந்தான். அவ வாசல்ல நின்னா. எத்தனை நேரம் நின்னான்னு தெரியலீங்க, நான் திரும்பிப் பாக்கலை. கடைசியில மாட்டுக் கொட்டாய் வழியா அவளே உள்ள வந்து, சீமாறை எடுத்துக் கூட்ட ஆரம்பிச்சுட்டா. எழவு முடியட்டும், வான்னு ஒரு வார்த்தை பொறவு கேட்டுக்கலாம்னு விட்டேன். பொறவு பார்த்தா சோறாக்கிட்டு இருந்தா. சோறாக்கிட்டு இருக்கிறவகிட்டப் போயி எப்படிங்க வான்னு கேக்கறது?"

நான் அமுக்குறதை நிறுத்தலை. வந்தவங்க போனவங்க, கண் தெரியாதவங்க, பேர் தெரியாதவங்க அத்தனை பேரையும் அந்தம்மா முப்பத்தெட்டு வருஷமா ஓடி ஓடி வாங்க வாங்கன்னு கேட்டது எதனாலன்னு அப்பத்தான் எனக்கு விளங்கினது. கட்டைவிரலுக்குக் கீழ அந்த முடிச்சு மெல்ல இளகி ஒரு பக்கமா நழுவினது. அவர் எந்திரிச்சார்.

எண்ணெய் வழியுற உடம்போட, துண்டுகூடப் போடாம, வண்டிக்குப் பின்னால போயி வெள்ளச்சி முன்னால நின்னு ரெண்டு கையையும் கூப்பினார். "வாங்க. உள்ள வாங்க. இத்தனை நாள் வாசல்ல நிறுத்தி வெச்சது என் தப்புங்க, மனசுல வெச்சுக்காதீங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகோணும்."

வெள்ளச்சி வந்தா. நெட்டையான பொம்பளை தாழ்ந்த வாசல்ல நுழையுற மாதிரி குனிஞ்சு, ரெண்டு பனை உயரத்தையும் மடிச்சுக்கிட்டு, பின்கதவு வழியா உள்ள போனா. ஜன்னல் எல்லாம் வெள்ளையாச்சு, தட்டும் டம்ளரும் கலகலன்னு ஒண்ணோட ஒண்ணு இடிச்சது, மெத்தை ஊறிப் பொதும்பினது, ஒரு சொட்டு வெளிய சிந்தலை. பூவாத்தாம்மா இடுப்பு வரைக்கும் அருவிக்குள்ள நின்னுக்கிட்டு, வந்தவங்களுக்கு முதல்ல குடுக்கிற மாதிரி ஒரு சொம்பு தண்ணியை நீட்டினாங்க. அருவிக்குத் தண்ணியான்னு எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனா அவ வாங்கிக் குடிச்சா. இலையில வெச்ச சோத்தையும் ரசத்தையும் மிச்சம் வைக்காமச் சாப்பிட்டா. மஞ்சள், குங்குமம், பூ, பச்சைக் கலர்ல ஒரு ரவிக்கைத் துணி எல்லாத்தையும் பூவாத்தாம்மா தட்டுல வெச்சுக் குடுக்க, அதையும் எடுத்துக்கிட்டு, வந்த வாசல் வழியாவே இறங்கினா. லூர்தம்மா அக்கா, வா போலாம், நேரமாச்சுன்னு ஒரு அதட்டு போட்டுட்டு முன்னால நடந்தாங்க. அவ பின்னால போனா, மேற்கே பார்த்து, வந்த ரோட்டுலயே.

பூவாத்தாம்மா ரோட்டு வளைவு வரைக்கும் கூடப் போயி வழியனுப்பிட்டு, ஈரச் சேலையைப் பிழிஞ்சுக்கிட்டே திரும்பி வந்தாங்க. நான் எண்ணெய்ப் பாட்டிலையும் சாக்கையும் சுருட்டி எடுத்துக்கிட்டு இருந்தேன், அதனாலதான் பார்த்தேன். நாச்சிமுத்து வண்டிக்குள்ள வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தார். அங்கயே நில்லுன்னார். தரை வழுக்குதோன்னு நினைச்சு அந்தம்மா நின்னாங்க.

அவர் தொண்டையைச் செருமிக்கிட்டு, ஒரு வீடு நிறையச் சனம் கேக்கணும்ங்கிற மாதிரி சத்தமாச் சொன்னார். "வலது காலை எடுத்து வெச்சு உள்ள வா, புள்ள."

பூவாத்தாம்மா அவரைப் பார்த்தாங்க, அப்புறம் குனிஞ்சு தன் காலைப் பார்த்தாங்க. வண்டிப்படி முழங்கால் உயரம்.

"வலது முட்டி மடங்காதுங்க," ன்னாங்க. "எட்டு வருஷமாச்சு. நான் இடது காலை வெச்சுத்தான் எங்கயும் ஏறுவேன். நீங்க பார்த்ததில்லையா?"

"பார்த்ததில்லை," ன்னார் அவர்.

இறங்கி வந்து அந்த ஈர மணல்ல மண்டி போட்டு உக்காந்தார். அந்தம்மா கதவுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டாங்க. அவர் அந்த வலது பாதத்தை ரெண்டு கையாலயும் ஏந்தி, ஒட்டியிருந்த மணலைத் துடைச்சு, வலிக்காம மெல்ல மெல்லத் தூக்கி, படி மேல வெச்சு, பாரம் முழுக்க இறங்குற வரைக்கும் கையை எடுக்காமப் பிடிச்சுக்கிட்டே இருந்தார்.

"வந்துட்டேனுங்க," ன்னாங்க பூவாத்தாம்மா.